டச்சில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறதா? கோளாறு பார்த்துச் சரிசெய்ய சில குறிப்புகள்

நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்து, ஆங்கிலத்திலேயே இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, ‘சரி, டச்சும் படித்து வைப்போமே’ என்று இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐன்ட்ஹோவன் பக்கம் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறோம். படித்தது ஆங்கில வழி, அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். டச்சு வகுப்பின் முதல் நாளில், ‘ஆங்கிலம் தெரியுமா? அப்போ பாதிக் கிணறு தாண்டியாச்சு’ என்பார்கள். வாட்டர், அப்பெல், பூக் என்று பலகையில் எழுதிப் போட்டால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். பாதிக் கிணறு தாண்டினால் என்ன ஆகும் என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தொண்டையில் உரசி வரும் அந்தப் பேர்போன ஒலிக்கு ‘ஃக’ என்று போட்டிருக்கிறேன், ‘எஃகு’ என்பதில் வருகிற மாதிரி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கோளாறு: டச்சில் ஆரம்பித்தால் எதிராளி உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்

பேக்கரியில் நிற்கிறீர்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வரி: ‘மஃக் இக் அன் ஃபொல்கோரென், ஃகெஸ்னேடென்?’ முழுக்கோதுமை ரொட்டி ஒன்று, துண்டு போட்டு. அந்தப் பெண் புன்னகையோடு ஆங்கிலத்தில் ‘வேறென்ன வேண்டும்?’ என்கிறாள். அத்தனை ஒத்திகையும் வீண்.

இதை அவமானமாக எடுத்துக்கொண்டு டச்சையே விட்டவர்கள் எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவமானம் ஒன்றுமில்லை. ஈஎஃப் நிறுவனம் வருஷாவருஷம் போடும் ஆங்கிலத் திறன் பட்டியலில் அடிக்கடி முதலிடம் பிடிக்கிற நாடு இது. அவர்களுக்கு ஆங்கிலம் ஒரு சிரமமே இல்லை. வரிசையில் பின்னால் ஆறு பேர் நிற்கும்போது எது வேகமோ அதற்கு மாறுகிறார்கள், உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு.

உச்சரிப்பு மோசம் என்பதால்தான் மாறுகிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். கவனித்துப் பார்த்ததில் அது இரண்டாம் பட்சம். முதல் மூன்று விநாடியில் நாம் விடும் இடைவெளிதான் காரணம். வார்த்தை தேடி ‘அம்ம்ம்’ என்று இழுத்தால் போதும், அது ஆங்கிலத்தை வரவேற்கும் தாம்பூலத் தட்டு. ஆகவே முதல் வரியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற அளவுக்கு உருப்போட்டு வையுங்கள். மிச்சத்தில் தடுமாறினால் பாதகமில்லை.

அவர் மாறிவிட்டாலும் நீங்கள் மாறாதீர்கள். அவர் ஆங்கிலத்தில் கேட்கட்டும், நீங்கள் டச்சிலேயே பதில் சொல்லுங்கள். பார்க்கச் சண்டை மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு மூன்று பேச்சுக்குள் பலர் திரும்பி வந்துவிடுவார்கள். வராவிட்டால் நேரடியாகவே கேட்கலாம்: ‘ஸுலென் வெ நேடர்லாண்ட்ஸ் ப்ராட்டென்? இக் பென் ஆன் ஹெட் லேரென்.’ டச்சிலேயே பேசலாமா, கற்றுக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்டு முகம் சுளித்த டச்சுக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆளையும் பார்த்துப் பிடிக்க வேண்டும். நகர மையத்தில் காபிக் கடையில் நிற்கும் இருபது வயதுப் பையன் தோதில்லை, பல சமயம் அவனுக்கே டச்சு தெரியாது. சனிக்கிழமைச் சந்தையில் மீன் விற்பவர், நாயோடு நடக்கிற பக்கத்து வீட்டுப் பெரியவர், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும் தாத்தா பாட்டிகள், இவர்களிடம் போங்கள். பல ஊர் நூலகங்களில் ‘டால்கஃபே’ என்று வாரம் ஒரு நாள் பேச்சுக் கூட்டம் நடக்கும். தன்னார்வலர்கள் காபி ஊற்றிக் கொடுத்துப் பொறுமையாகப் பேசுவார்கள்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். டச்சு அப்படியே அருவி மாதிரிக் கொட்டும். எப்படி அக்கா என்று கேட்டேன். “தம்பி, எங்களுக்கு இங்கிலீஷ் வராது. கந்தோருக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டச்சிலதான் கதைக்க வேணும். வேற வழி இருக்கேல்ல. உங்களுக்கு வழி இருக்கு, அதுதான் உங்கட பிரச்சினை” என்றார். அவர் வாயில் சர்வசாதாரணமாக வந்த ‘கந்தோர்’, அலுவலகத்துக்கான டச்சுச் சொல் ‘கன்டோர்’. ஒல்லாந்தர் இலங்கையில் விட்டுப்போன சொல்லோடுதான் அக்கா ஒல்லாந்துக்கே வந்திறங்கியிருக்கிறார்.

கோளாறு: வகுப்பில் புரிகிறது, கடைக் கல்லாவில் ஒன்றும் புரியவில்லை

கல்லாவில் கேட்கப்படும் கேள்விகள் மொத்தமே நாலைந்துதான். ரசீது வேண்டுமா (‘பொன்னெட்யே எர்பை?’), கடையின் சலுகை அட்டை இருக்கிறதா, ஒட்டும் முத்திரை சேர்க்கிறீர்களா (‘ஸ்பார்ட் ஊ ஸேஃகெல்ஸ்?’), அட்டையில் கட்டுகிறீர்களா (‘பின்னென்?’), பை வேண்டுமா. முத்திரை சேர்ப்பதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சேகல்ஸ், சேகல்ஸ் என்கிறார்களே என்று நாலு மாதம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ‘நே, டங்க் யெ’, ‘யா, ஃக்ராஃக்’, இந்த இரண்டு பதிலில் கல்லாவைக் கடந்துவிடலாம்.

அசல் கோளாறு இதற்கும் அடியில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதைப் பேச்சில் விழுங்குகிறார்கள். நடப்பதற்கு ‘லோப்பென்’ என்று எழுதியிருக்கும், பெரும்பாலோர் சொல்வது ‘லோப்பெ’. ‘வேட் இக் நீட்’, அதாவது ‘எனக்குத் தெரியாது’, காதில் விழுவது ‘வேட்டிக்னீ’. ‘ஐஃகென்லெக்’ (உண்மையில்) போன்ற நீளச் சொல்லில் நடு அசையே காணாமல் போகும். நமக்கு இது புதுசா என்ன? ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்ருக்கான்’ என்று பேசுகிறவர்கள்தானே நாம். வகுப்பில் சொல்லிக் கொடுப்பது ‘வந்துகொண்டிருக்கிறான்’, தெருவில் கிடைப்பது ‘வந்துட்ருக்கான்’.

சரிசெய்ய நான் கண்ட வழி, பிள்ளைகளுக்கான செய்தி. ‘யேஃக்ட்ஷூர்னால்’ என்று 1981இலிருந்து வருகிறது. ஒரே செய்தியை மூன்று முறை பாருங்கள். முதலில் எழுத்தில்லாமல், அடுத்து டச்சு வசன எழுத்தோடு, மறுபடி எழுத்தில்லாமல். ஆங்கில வசன எழுத்தைப் போட்டால் கண் அதையே படிக்கும், காது தூங்கிவிடும்.

கோளாறு: தொண்டை ஒலி வரவில்லை, வந்தால் இருமல் போலிருக்கிறது

ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் ‘ஃகூட்’ (நல்ல) என்பதை ‘கூட்’ என்றோ ‘ஹூட்’ என்றோ சொல்லித் தப்பிப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒலி இல்லை. தமிழில் அதற்குப் பக்கத்து வீடாவது இருக்கிறது. ‘பகல்’, ‘அகம்’ என்று அவசரமில்லாமல் சொல்லிப் பாருங்கள். நடுவிலுள்ள ‘க’ முழுசாக அடைத்துத் திறப்பதில்லை, லேசாக உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலைச் சற்று நீட்டி, சற்றுப் பின்னால் தள்ளினால் டச்சு ஒலி. எஃகு, அஃது என்று ஆய்தத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவருக்கு ‘அஃக்ட்’ (எட்டு) என்பது கஷ்டமே இல்லை.

பெரிய ஆறுகளுக்கு வடக்கே, ஆம்ஸ்டர்டாம் பக்கமெல்லாம் இது கரகரவென்று வரும். தெற்கே பிராபன்ட், லிம்பர்க் மாகாணங்களில் மென்மையாக வரும், ‘ஸாஃக்டெ ஃகே’ என்றே அதற்குப் பெயர். ஐன்ட்ஹோவன்காரர்களுக்கு அதிர்ஷ்டம், நம் ‘அகம்’ இங்கே கிட்டத்தட்ட அப்படியே செல்லுபடியாகும். ஆம்ஸ்டர்டாம் போனால் ‘தெற்கத்தி ஆளா?’ என்று சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

‘ஸ்’ஸை அடுத்து இந்த ஒலி வந்தால் ஆங்கிலம் முழு பலத்தோடு உள்ளே நுழையும். பள்ளி ‘ஸ்கூல்’ அல்ல, ‘ஸ்ஃகோல்’. ஹேக் நகரைச் சேர்ந்த ‘ஸ்ஃகேவெனிங்கென்’ என்ற கடற்கரைப் பகுதியின் பெயரைச் சொல்லச் சொல்லி, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஒற்றர்களைக் கண்டுபிடித்தார்கள் என்று இங்கே கதை சொல்வார்கள்.

போகிற போக்கில் ஒரு நல்ல சேதி: டச்சுக்காரரின் ‘வாட்டர்’, ‘வட்’ இவற்றிலுள்ள ‘வ’ அசல் நம் ‘வ’தான். மேல் பல் கீழுதட்டை லேசாகத் தொடுகிற அதே வ. ஆங்கிலத்துக்காக உதட்டைக் குவிக்கப் பழகினோமே, அதை மறந்தால் போதும். ப, க போன்றவற்றைக் காற்று ஊதாமல் சொல்வதும் நம் வழக்கமேதான். ‘ட’ மட்டும் நமக்குக் கனம். நாக்கை மடிக்காமல் பல்லின் ஈறில் வையுங்கள்.

கோளாறு: வாடகையைப் பற்றிக் கேட்டால் எதிராளி முகம் சிவக்கிறது

இது எனக்கே நடந்தது. வீடு பார்க்கப் போன இடத்தில், தரகரிடம் ‘வாடகை எவ்வளவு?’ என்று டச்சில் கேட்டேன். அவர் இருமினார், கூரையைப் பார்த்தார், ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். வாடகைக்கு ‘ஹ்யூர்’. நான் சொன்னது ‘ஹூர்’. அது விலைமாதைக் குறிக்கிற கொச்சைச் சொல். விலை வேறு விசாரித்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இல்லாத உயிரொலி அது, நம்மிடமும் இல்லை. செய்து கொள்ளலாம். ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல், ‘ஊ’ சொல்லும்போது குவிப்பது போல உதட்டை மட்டும் குவியுங்கள். கண்ணாடி முன் நின்று ஈ, குவி, ஈ, குவி என்று ஒரு வாரம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ‘ஏ’ என்று நாக்கை வைத்து உதட்டைக் குவித்தால் ‘டேர்’ (கதவு), ‘நேஸ்’ (மூக்கு) இவற்றில் வருகிற இன்னோர் ஒலியும் கிடைத்துவிடும். அதைத் தமிழில் எழுத வழியில்லாமல் ‘ஏ’ போட்டிருக்கிறேன், மன்னிக்க.

வீட்டைக் குறிக்கும் ‘ஹௌய்ஸ்’ஸில் வருகிற ஒலிதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘அய்’ என்று ஆரம்பித்து உதட்டைக் குவித்து முடிக்கச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு இது நானூறு வருஷப் பிரச்சினை. ஒல்லாந்தர் 1600களின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், பிறகு நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று பிடித்தார்கள். அவர்களுடைய சில்லறைக் காசு ‘டௌய்ட்’. நாம் வாயில் போட்டு மென்று ‘துட்டு’ ஆக்கிவிட்டோம். ‘கக்கூசு’ என்பதும் அவர்களுடைய ‘கக்ஹௌய்ஸ்’தான். இரண்டிலும் அந்த ஒலியை ‘உ’ பக்கம் தள்ளிவிட்டுத்தான் தப்பித்திருக்கிறோம். நான் ‘ஹூஸ்’ என்று சொல்லி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பாரம்பரியம் என்று தேற்றிக்கொள்கிறேன்.

கோளாறு: எங்கே போனாலும் சரியாக ஒரு மணி நேரம் தாமதம்

பல் மருத்துவரிடம் ‘ஹல்ஃப் ட்ரீ’க்கு வரச் சொன்னார்கள். ஹல்ஃப் என்றால் அரை, ட்ரீ என்றால் மூன்று. ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் மூன்றரை. மூன்று இருபத்தைந்துக்கே போய், ஐந்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டோமே என்று பெருமையோடு பெயரைச் சொன்னேன். வரவேற்பில் இருந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் நேரம் கடந்து கிட்டத்தட்ட ஒரு மணி ஆகியிருந்தது.

‘ஹல்ஃப் ட்ரீ’ என்றால் இரண்டரை. மூன்றாவது மணியில் பாதி நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தை விட்டுவிட்டு, நம் ஊரில் பிள்ளைக்கு வயசு சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ரெண்டு முடிஞ்சு மூணு நடக்குது.’ டச்சுக் கடிகாரத்துக்கும் இரண்டு முடிந்து மூன்றுதான் நடக்கிறது.

இதையே அச்சாக வைத்து முன்னும் பின்னும் எண்ணுவார்கள். ‘ஃபைஃப் ஃபோர் ஹல்ஃப் ட்ரீ’ என்றால் அந்தப் பாதிக்கு ஐந்து நிமிடம் முன், 2.25. ‘டீன் ஓஃபர் ஹல்ஃப் ட்ரீ’ என்றால் பத்து நிமிடம் பின், 2.40. போனில் நேரம் சொன்னால் வெட்கப்படாமல் எண்ணாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்: ‘டுஸ் ஃபேர்டீன் டெர்டிஃக்?’ 14.30தானே?

எண்களும் தலைகீழ். 45 என்பது ‘ஃபைஃப்-என்-ஃபேர்டிஃக்’, ஐந்தும் நாற்பதும். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். முதலில் காதில் விழும் ஐந்தை உடனே எழுதினால் 54 ஆகிவிடும். இரண்டையும் கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் தூக்காதீர்கள். இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

கோளாறு: வாக்கியம் நடுவில் சிக்கி நின்றுவிடுகிறது

சொற்கள் எல்லாம் தெரியும், ஆனால் எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாக்கு நிற்கும். ஆங்கிலத்தில் வாக்கியத்தை அடுக்கிவிட்டு ஒவ்வொரு சொல்லாக டச்சாக்கப் பார்ப்பதால் வருவது. இந்த இடத்தில்தான் நான் ஒரு வருஷம் வீணாக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘நான் நேற்று டவுனில் ஒரு சைக்கிள் வாங்கினேன்.’ டச்சில்:

இக் ஹெப் ஃகிஸ்டரென் இன் டெ ஸ்டட் அன் ஃபீட்ஸ் ஃகெகோஃக்ட்.

‘ஹெப்’ என்ற துணைவினையை விரலால் மூடிவிட்டு, சொல்லுக்குச் சொல் பாருங்கள். இக், நான். ஃகிஸ்டரென், நேற்று. இன் டெ ஸ்டட், டவுனில். அன் ஃபீட்ஸ், ஒரு சைக்கிள். ஃகெகோஃக்ட், வாங்கி. அடுக்கு அப்படியே தமிழ். முதலில் காலம், பிறகு இடம், பிறகு பொருள், கடைசியில் வினை. ஆங்கிலத்தில் வாங்கினதுதான் முன்னால் வரும், நேற்று கடைசிக்குப் போய்விடும்.

காரணம் சொல்கிற வாக்கியத்தில் இன்னும் வேடிக்கை. ‘ஓம்டட்’ (ஏனென்றால்) என்று ஆரம்பித்தால், மூடி வைத்த அந்த ‘ஹெப்’பும் கடைசிக்கு ஓடிவிடும்: ஓம்டட் இக் ஃகிஸ்டரென் இன் டெ ஸ்டட் அன் ஃபீட்ஸ் ஃகெகோஃக்ட் ஹெப். ‘நான் நேற்று டவுனில் ஒரு சைக்கிள் வாங்கி இருப்பதால்.’ வாங்கி, இருப்பதால். கடைசி இரண்டு சொல்கூட நம் வரிசையிலேயே நிற்கின்றன. கூட வகுப்பில் படித்த ஸ்காட்லாந்துக்காரர் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டிருந்தேன், தமிழ் தெரிந்து வைத்துக்கொண்டு.

தமிழ் உதவாத இடம் ஒன்றே ஒன்று. சாதாரண வாக்கியத்தில் இரண்டாவது நாற்காலி எப்போதும் வினைக்கு ஒதுக்கப்பட்டது. முதல் நாற்காலியில் ‘மோர்ஃகென்’ (நாளை) போய் உட்கார்ந்தால் ‘நான்’ எழுந்து மூன்றாவதுக்குப் போகவேண்டும்: ‘மோர்ஃகென் ஃகா இக் நார் டெ மார்க்ட்.’ ஆங்கிலப் பழக்கத்தில் ‘மோர்ஃகென் இக் ஃகா’ என்றுதான் வரும். வந்தால் நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பயிற்சி இதுதான்: சொல்ல நினைப்பதைத் தமிழில் முடிவு செய்யுங்கள், ஒரு வினையை எடுத்து இரண்டாவது இடத்தில் வையுங்கள், மற்றதைத் தமிழ் வரிசையிலேயே விடுங்கள். முழுக்க முழுக்க எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பத்துக்கு ஏழு தேறும்.

கோளாறு: கடிதத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தும் அர்த்தம் கூடிவரவில்லை

வாக்கியக் கடைசியில் அனாதையாக ஒரு குட்டிச் சொல் நிற்கிறதா பாருங்கள்: ஔய்ட், ஆஃப், ஓப், ஆன், மே. அது முன்னால் வந்த வினையின் வால். நகராட்சிக் கடிதத்தில் ‘வெ ஸ்டெல்லென்’ என்று ஆரம்பித்து, உங்கள் தெருவில் நடக்கிற வேலை, இரண்டு வாரம் என்றெல்லாம் சொல்லி, கடைசியில் ‘ஔய்ட்’ என்று முடித்திருப்பார்கள். (அந்த ‘ஔய்ட்’டிலும் ‘ஹௌய்ஸ்’ஸில் வந்த அதே பொல்லாத ஒலிதான்.) ஸ்டெல்லென் என்றால் அகராதியில் ‘வை’. வாலையும் சேர்த்தால் ‘தள்ளிவை’. இதே வினை வேறு வாலோடு வந்தால் முன்மொழிவது, நிர்ணயிப்பது, வேலைக்கு நியமிப்பது என்று ஊருக்கு ஒரு வேஷம் போடும்.

ஆகவே வினையைக் கண்டதும் அகராதிக்கு ஓடாதீர்கள். முதலில் முற்றுப்புள்ளிக்கு முந்தைய சொல்லைப் பாருங்கள். வாலை வினைக்கு முன்னால் ஒட்டி, அந்த முழுச் சொல்லைத் தேடுங்கள். ஒருவர் வருவாரா மாட்டாரா என்பதை வாக்கியத்தின் கடைசி அசைவரை காத்திருந்து தெரிந்துகொள்கிறவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

கோளாறு: ‘டெ’யா ‘ஹெட்’டா என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் தடுமாற்றம்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘தி’ என்று ஒன்றே ஒன்று இருப்பது டச்சில் இரண்டு: டெ, ஹெட். பெயர்ச்சொல்லை அதனோடு ஒட்டியே மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், அது சரிதான். அதற்கிடையில்: பன்மை என்றால் எப்போதும் டெ. ஆட்கள், தொழில்கள் பெரும்பாலும் டெ. மொழிகள், உலோகங்கள் ஹெட். கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல் என்னவோ அதுதான். ஒன்றும் தெரியாவிட்டால் டெ என்று சொல்லிவிடுங்கள், அதுதான் எண்ணிக்கையில் மிக அதிகம்.

செல்லமாகக் குட்டியாக்கிச் சொன்னால் எதுவாயிருந்தாலும் ஹெட். அதனால்தான் சிறுமியைக் குறிக்கும் ‘மைஷெ’கூட ஹெட், பாவம் அவளை அஃறிணையில் தள்ளிவிட்டார்கள். சந்தேகம் வந்த சொல்லையெல்லாம் குட்டியாக்கி ஹெட் போட்டு ஒப்பேற்றும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சரியாகத்தான் இருக்கும், ஆனால் மேசைக்குட்டி, கணினிக்குட்டி, ஒப்பந்தக்குட்டி என்று மேலதிகாரிகள் கூட்டத்தில் பேசுவார்.

கோளாறு: இலக்கணப் பிழையில்லை, ஆனால் மிரட்டுகிறேன் என்கிறார்கள்

என் டச்சைக் கேட்டுச் சக ஊழியர் ஒருவர், ‘என்மேல் கோபமா இருக்கிறாயா?’ என்று கேட்டார். ‘காத்திரு’, ‘உள்ளே வா’, ‘அனுப்பு’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் மொட்டையாக இருந்ததாம். டச்சில் வாக்கியத்துக்குள் சின்னச் சின்னச் சொற்களைத் தூவுவார்கள்: மார், ஏஃபென், டொஃக், வெல், ஹோர். ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஈடே இல்லை, ஆகவே ஆங்கில வழியில் பாடம் நடத்துகிறவர்கள் ‘மொழிபெயர்க்க முடியாது’ என்று கைவிரித்துவிடுவார்கள். தமிழில் அட்டகாசமாக முடியும்.

‘வஃக்ட்’ என்றால் ‘நில்’. ‘வஃக்ட் ஏஃபென்’ என்றால் ‘கொஞ்சம் இருங்க’. ‘கொம் பின்னென்’ என்றால் ‘உள்ளே வா’. ‘கொம் மார் பின்னென்’ என்றால் ‘உள்ள வாங்களேன்’. அந்த ‘ஏன்’தான் மார். ‘யெ கொம்ட் டொஃக்?’ என்றால் ‘வருவீங்கதானே?’ டொஃக்குக்கு ‘தானே’யைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது என்று நினைக்கிறேன். பணம் கட்டவில்லை என்று யாராவது சொன்னால் ‘இக் ஹெப் வெல் பெடால்ட்’, ‘கட்டினேனே!’ அந்த ஏகாரம் வெல். ‘ஃகேஃப்ட் நீட், ஹோர்’, ‘அதெல்லாம் பரவால்லப்பா.’

அலுவலகத்தில் ‘அனுப்பு’ என்று சொல்லுமிடத்தில் ‘ஸ்டூர் மார் ஏஃபென்’ என்று இரண்டையும் சேர்த்துப் போட ஆரம்பித்தேன். ‘கொஞ்சம் அனுப்புங்களேன்.’ அந்த நண்பர் மறுபடி கோபத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

மரியாதையில் நமக்கு நேர் எதிர்க் கோளாறு. நீ, நீங்கள் போல அவர்களிடமும் ‘யெ’, ‘ஊ’ இருக்கிறது என்றதும் மேலதிகாரிக்கெல்லாம் ‘ஊ’ போட்டுவிடுவோம். இங்கே மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள், சக ஊழியரிடம் ‘ஊ’ என்றால் கேலி செய்கிறோமோ என்று பார்ப்பார். வயதானவர், முன்பின் தெரியாதவர், மருத்துவர், அரசு அலுவலகம், இங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு: தெரிந்த சொல்லே காலை வாருகிறது

‘எஃபென்டுவேல்’ வெள்ளிக்கிழமை சந்திக்கலாம் என்றார்கள். ஆங்கிலச் சாயலில், ‘கடைசியில் வெள்ளி என்று முடிவாகிவிட்டது’ என்று புரிந்துகொண்டு போய் நின்றேன். யாருமில்லை. அதன் பொருள் ‘தேவைப்பட்டால்’. ‘இக் வில்’ என்றால் ‘செய்யப்போகிறேன்’ அல்ல, ‘செய்ய ஆசைப்படுகிறேன்’. கூட்டத்தில் வாக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஆசையைச் சொல்லிவிட்டு வருவோம். ‘ஸ்லிம்’ ஒல்லி அல்ல, கெட்டிக்காரர். ‘ரோஸ்டர்’ சேவல் அல்ல, கால அட்டவணை. பரிசோதனைக்கூடத்தில் ‘மான்ஸ்டர்’ கேட்டால் பயப்பட வேண்டாம், மாதிரி எடுத்துக் கொடுங்கள். ஆங்கிலம் போலவே இருக்கிற சொல்லைத்தான் முதலில் அகராதியில் பார்க்க வேண்டும், முற்றிலும் புதிதாக இருப்பது ஏமாற்றாது.

கோளாறு: எழுதும்போது எழுத்து இரட்டிக்கிறதா இல்லையா என்று குழப்பம்

குறில் நெடில் என்று பாருங்கள், தீர்ந்துவிடும். ‘மன்’ ஆண், ‘மான்’ நிலா. பன்மையில் ‘மன்னென்’, ‘மானென்’. குறிலைக் காக்க மெய்யை இரட்டிக்கிறார்கள், நெடிலுக்கு இரட்டையாக எழுதும் உயிரெழுத்தில், அசை உயிரில் முடிந்தால் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். நமக்கு இரண்டும் காதிலேயே கேட்கும்.

கோளாறு: தேர்வில் தேறியாயிற்று, தெருவில் பேச்சு வரவில்லை

‘இன்பர்ஃகெரிங்’ என்கிற குடியமர்வுத் தேர்வில் பேச்சுப் பகுதியைக் கணினி முன் உட்கார்ந்து, ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும். கணினி குறுக்கே பேசாது, ஆங்கிலத்துக்கும் மாறாது. 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் எட்ட வேண்டிய மொழித்திறன் நிலையை ஏ2விலிருந்து அதற்கு மேல் படியான பி1க்கு உயர்த்தியது. எந்த நிலையானாலும், தேர்வுக்குப் படித்தது தேர்வுக்குத்தான். முதல் கோளாறுக்குத் திரும்பிப் போங்கள்.

கோளாறு: ‘எர்’

இது சரியாகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ‘வாசலில் ஒரு சைக்கிள் நிற்கிறது’ என்றால் ‘எர் ஸ்டாட் அன் ஃபீட்ஸ் ஃபோர் டெ டேர்’, எர்ரில் ஆரம்பிக்க வேண்டும். எத்தனை சைக்கிள் இருக்கிறது என்று கேட்டால் ‘இக் ஹெப் எர் ட்ரீ’, ‘மூணு இருக்கு’. இந்த இரண்டு இடமும் வந்துவிட்டது. மற்ற இடங்களில் போட வேண்டியபோது விடுகிறேன், விட வேண்டியபோது போடுகிறேன். இங்கேயே பள்ளிக்குப் போகிற மகள் கவனித்துக்கொண்டே இருப்பாள்.

“அப்பா, அங்க எர் வரணும்.”

“ஏன்டி?”

“வராட்டி நல்லாவே இல்லப்பா.”

விதி என்ன என்று கேட்டேன். ‘வருவீங்கதானே’யில் ‘தானே’ எதுக்கு வருதுன்னு நீங்க முதல்ல சொல்லுங்க என்றாள். இப்போதைக்கு மின்னஞ்சல் எழுதினால் அனுப்பும் முன் அவளிடம் ஒரு முறை காட்டிவிடுகிறேன்.